மூன்றாம் ஓலை

பெரியப்பா எழுதிய தன்வரலாற்றின் புரூஃப் தாள்கள் என் கைக்கு வந்த அன்று, டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. பூட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மாடியில் இருந்த அச்சகத்தில் வாங்கிய கட்டு அது. மை வாசம்கூடப் போகவில்லை. மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தேன். மலைக்கோட்டை எப்போது வந்தது, எப்போது பின்னால் போனது என்று தெரியாது. குடும்பத்தில் ஒருவர் புத்தகம் எழுதினால் மற்றவர்கள் அதில் தங்களைத்தான் தேடுவார்கள். நான் என் அத்தையைத் தேடினேன். ஏழாவது அத்தியாயத்தில் கிடைத்தார். அந்த அத்தியாயத்தின் தலைப்பே "தியாகச் சுடர்". பென்சிலை எடுத்து அதற்குக் கீழே ஒரு கோடு போட்டேன். பிழை திருத்துவதற்கு அல்ல. படிக்கும்போது சந்தேகம் வந்தால் கோடு போடுவது என் பழக்கம்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். கதை, கவிதை, சரித்திரம் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தாலும் நான் எடுத்துப் படித்தது தன்வரலாறுகளைத்தான். ஜெயிலுக்குப் போய் வந்தவர், நாடகக் கம்பெனியில் பெண் வேடம் கட்டியவர், ஊர் ஊராக மாற்றலாகிப் போன தபால்காரர், பிள்ளையைப் பறிகொடுத்த தாய், பதவியில் இருந்து இறங்கியவர் என்று யார் தன் கதையைச் சொன்னாலும் உட்கார்ந்து கேட்பேன். கேட்பேனே தவிர நம்ப மாட்டேன். பசியைப் பற்றியும் சண்டையைப் பற்றியும் அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதும்போது மனிதர்கள் அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறார்கள். சொந்த வீட்டுக்குள் நுழைந்ததும் பூசி மெழுக ஆரம்பித்துவிடுகிறார்கள். அம்மா தெய்வம். அப்பா கண்டிப்பானவர், ஆனால் பாசக்காரர். மனைவி பொறுமையின் வடிவம். ஒரு மனுஷிக்குப் பொறுமை என்று ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு, அவள் மனதில் என்ன இருந்தது என்பதை அப்படியே அமுக்கிவிடுவார்கள். அதிலும் இந்தத் தியாகம் என்ற சொல்லைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. யாரோ யாரையோ ஏதோ செய்திருக்கிறார்கள், அதன்மேல் மாலையைப் போட்டு மூடியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். படிக்கிற மாதிரி நல்ல சுயசரிதை ஏதாவது இருக்கிறதா என்று மாணவிகள் வந்து கேட்டால், ஒன்றை எடுத்துக் கொடுத்து, "படி, ஆனா நம்பிறாத" என்று சொல்லி அனுப்புவேன்.

அத்தை யார் என்று சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் மூத்தவர். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் யாருக்கு ஊசி போட வேண்டுமென்றாலும் அத்தை வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தண்ணீர் லாரி வருகிற நாளில் குடத்தோடு வரிசையில் நின்று, முந்திப் போகிறவர்களை வார்டில் நோயாளிகளை அதட்டுவது போல அதட்டுவார். பெரியப்பா தலைமையாசிரியராக இருந்தவர். ஒரு பள்ளிக்கூடத்தையே கண்பார்வையில் அடக்கிய மனிதர், அத்தை வாசலில் தெரிந்தால் போதும், நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு முதல் சேலை அத்தைக்குத்தான் எடுப்பார். ஓடு ஒழுகுகிறது என்று அத்தை ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் காலையில் கொத்தனார் வந்து நிற்பார். அத்தை சொல்லி, அதை அவர் மறுத்துப் பேசி, நான் ஒருநாளும் கேட்டதில்லை. கூடப் பிறந்த அக்காவிடம் ஒரு ஆள் இவ்வளவு பவ்யமாக இருப்பானேன்? எங்கள் வீட்டில் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அந்தச் சந்தேகம் விழுந்தது என் சொந்தக் கல்யாணத்தின்போது. எங்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று. மூன்றாம் ஓலை வாசித்து முடித்தால்தான் பெண் வீட்டில் மூச்சு விடுவார்கள். எனக்கு முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் ஆகிவிட்டன. மூன்றாம் ஞாயிறு சாமியார் அறிவிப்புத் தாளைக் கையில் எடுத்தபோது, ஆண்கள் பக்கம் இருந்த பெரியப்பாவை எதேச்சையாகப் பார்த்தேன். வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். கைக்குட்டையைக் கசக்கியபடி, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டுமா? வயதானவர்கள் பலரும் ஓரக்கண்ணால் அத்தையைத்தான் பார்த்தார்கள். என் ஓலை வாசித்து முடிந்ததும் பெரியப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தை பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண் நான், என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே அம்மாவின் வாயைப் பிடுங்கினேன். அத்தைக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் நிச்சயமாகி ஓலை வாசித்தார்களாம். ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருந்த வீட்டு மாப்பிள்ளை. இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு கோவிலே காத்திருக்க, சாமியார் திருவிழாக் கூட்டத்தைப் பற்றி மட்டும் அறிவித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டாராம். ஓலை பாதியில் நின்றால் எங்கள் சனத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ போய்ச் சாமியாரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். போனது யார் என்று கேட்டேன். அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அதெல்லாம் உனக்கெதுக்கு? பெரியப்பா முன்னால இத மட்டும் கேட்டுறாத."

எனக்கு இது போதாதா? அந்தச் சமயம் பெரியப்பா திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். என் அப்பா பள்ளிக்கூடத்தில். வீட்டில் சம்பாதித்தது அத்தை மட்டும்தான். அத்தை கட்டிக்கொண்டு போய்விட்டால் படிப்பு நின்றுவிடும். ஆகவே பெரியப்பாதான் போய் ஓலையை நிறுத்தியிருக்கிறார். எழுந்து நிற்பதும் சேலை எடுப்பதும் கொத்தனாரை அனுப்புவதும் எல்லாம் குற்ற உணர்ச்சி. இப்படி நானே வழக்குப் போட்டு நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு பல வருடங்கள் அந்த மனிதரை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அவர் அன்பாக எதைச் செய்தாலும், அபராதம் கட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் தன்வரலாறு எழுதுகிறார் என்று கேள்விப்பட்டவுடனே, புரூஃப் பார்த்துத் தருகிறேன் என்று நானாகப் போய் நின்றதும் அதனால்தான். இந்த இடத்தை எப்படித் தாண்டப் போகிறார் என்று பார்க்க வேண்டும்.

அழகாகத்தான் தாண்டியிருந்தார். தம்பிகள் படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் அக்கா தானே முன்வந்து கல்யாணத்தை வேண்டாம் என்றார், தன் வாழ்வை மெழுகுவர்த்தியாக எரித்தார், அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் படித்தோம் என்று உருகி உருகி எழுதியிருந்தார். "தானே முன்வந்து" என்ற இடத்தில் என் பென்சில் தாளைக் கிழித்துவிட்டது. புத்தக வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, கோவில் மண்டபத்தில். அத்தையை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அதற்குள் அத்தை இதைப் படித்தாக வேண்டும் என்று பட்டது. அந்த அத்தியாயத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன்.

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளைத் தரையில் வைத்துவிட்டு, "இத எடுத்துருத்தா. வேணாம்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இவ்வளவு காலம் நினைத்தது சரியாகிவிட்டது. "பெரியப்பாதான அத்தை சாமியார்கிட்டப் போயி ஓலைய நிறுத்துனது?" என்று கேட்டேவிட்டேன்.

அத்தை என்னை உற்றுப் பார்த்தார். "கிறுக்கி. அவன் திருச்சி ஹாஸ்டல்ல கெடந்தான். அவனுக்கு என்ன தெரியும்? நாந்தான் போனேன்."

பிறகு கீரையை உருவிக்கொண்டே சொன்னார். மாப்பிள்ளை கெட்டவர் ஒன்றும் இல்லை. முதல் ஓலை வாசித்த வாரம் ஒரு கூடை கொய்யாப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறார். அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக ஹெட் நர்ஸிடம் போய், இவங்க இனி ரெண்டு மூணு வாரம்தானுங்க வருவாங்க, அதுக்குள்ள வேற ஆள் பார்த்துக்குங்க என்று சொல்லிவிட்டு, கூடையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் கேலி செய்தபடி பழத்தைத் தின்றார்கள். அத்தை மட்டும் தின்னவில்லை. அத்தைக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலை, சம்பள நாளில் தோழிகளோடு போகிற மத்தியான ஆட்டம் சினிமா, நடுங்கிக்கொண்டு வருகிற பிள்ளைத்தாய்ச்சி தன் கையைப் பிடித்துக்கொள்வது, எல்லாம் பிடித்திருந்தது. அதை விட மனம் வரவில்லை. இரண்டாம் ஓலையும் வாசித்த பிறகு, தனியாகச் சாமியாரைப் போய்ப் பார்த்தார். வேலையை விடப் பிடிக்கவில்லை, அதனால் கல்யாணம் வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அந்தக் காலத்தில் யார் கேட்பார்கள்? வேறு யாரையோ மனதில் வைத்திருக்கிறாள் என்பார்கள். அதனால் தம்பிகள் படிக்கிறார்கள், நான் போய்விட்டால் வீட்டை யார் பார்ப்பது என்று சொல்லியிருக்கிறார். சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே வீட்டுக்கு வந்து என் தாத்தாவிடம் பேசினார். அடிக்கக் கை ஓங்கியிருக்க வேண்டிய மனிதர் மகளைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"நான் அப்பாடா, தப்பிச்சம்டான்னு இருந்தேன்" என்றார் அத்தை.

என் புத்தி இருக்கிறதே, அதையும் சந்தேகப்பட்டது. தம்பியைக் காப்பாற்றுவதற்காக இப்போது இப்படி ஒரு கதை கட்டுகிறாரோ என்று. ஆனால் கதை கட்டுகிறவர்களுக்குக் கொய்யாப்பழத்தை யார் தின்றார்கள், யார் தின்னவில்லை என்பதெல்லாம் தோன்றாது. இத்தனை தன்வரலாறுகளைப் படித்ததில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அத்தை சொன்னதை நம்பினேன். நம்பியதும், நான் பல வருடம் கட்டி வைத்த வழக்கு பொலபொலவென்று சரிந்தது.

இப்போது ஏன் மறுக்க வேண்டும், பேர் நல்ல பேர்தானே என்று கேட்டேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "பேச்சா இருந்தவரைக்கும் இருந்துட்டுப் போகுதுன்னு விட்டேன். புஸ்தகத்துல ஏறுனா நான் போன பெறகும் நிக்கும். நான் என்ன வாழ்க்கையத் தொலைச்சவளா? எனக்கு வாழ்க்கை இருந்துச்சுத்தா, நல்லாவே இருந்துச்சு." பிறகு குரல் இறங்கியது. "சின்னதுல அவனும் நானும் அடிச்சுக்காத நாள் கிடையாது. என் சடையப் பிடிச்சு இழுப்பான், நான் முதுகுல ரெண்டு வைப்பேன். ஓலை நின்னுச்சு பாரு, லீவுக்கு வந்தவன் என் கால்ல விழுந்தான். அன்னையில இருந்து வாங்க போங்கன்னு ஆயிட்டான். சண்டை போட எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் போயிட்டான்."

அத்தியாயத்தை நானே நீக்கிவிட முடியாது. அது பெரியப்பாவின் புத்தகம். அத்தையே போய்ச் சொல்வதாக முடிவாயிற்று, நானும் கூடப் போனேன். அங்கே போனதும் அத்தைக்கு வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பட்டென்று பேசிய மனுஷி, தம்பி எழுந்து கைகட்டி நின்றதும் மென்று முழுங்கினார். நான் உனக்காகப் பண்ணலப்பா, அதை எடுத்துவிடு என்று மட்டும் சொன்னார். பெரியப்பாவின் கண் நிறைந்துவிட்டது. "இதுதானக்கா உங்க மனசு" என்றார். அத்தோடு விட்டாரா? அச்சகத்துக்குப் போய் அத்தியாயத்தின் முடிவில் புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்தார். தான் செய்ததைத் தியாகம் என்று ஒப்புக்கொள்ளக்கூட மறுக்கும் உள்ளம் என் அக்காவின் உள்ளம் என்று. அந்தப் பத்திக்கும் புரூஃப் பார்த்தவள் நான்தான். அத்தை மறுத்ததே அத்தைக்கு எதிரான சாட்சியாக அச்சேறியது. என்ன செய்ய?

வெளியீட்டு நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. பெரியப்பாவிடம் படித்தவர்கள், பங்கு மக்கள், சொந்தக்காரர்கள். ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து அத்தையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பொன்னாடை போர்த்தியதும் இரண்டு வார்த்தை பேசும்படி அத்தையிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அத்தை மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வார்டில் மருந்து நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். "தம்பி நல்லா எழுதியிருக்கு. ஆனா நான் தியாகம் எதுவும் பண்ணலங்க. மாப்பிள்ளை எங்கிட்டக் கேக்காம ஹெட் நர்ஸ்கிட்டப் போயி, வேற ஆள் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாரு. எனக்கு மாப்பிள்ளையவிட வேலை பிடிச்சிருந்துச்சு. அதான் வேணாம்னேன். தம்பிங்க படிப்புக்காகன்னு சாமியார்கிட்டச் சொன்னது பொய்."

யாரோ சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள், கூட்டம் முழுக்கத் தட்டியது. தலைமை தாங்கியவர் மைக்கை வாங்கி, இந்தத் தன்னடக்கத்தைப் பாருங்கள் என்று தழுதழுத்தார். தட்டல் இன்னும் பலமானது. அத்தை மேடையில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். இனி நான் என்னதான் செய்ய என்று கேட்கிற பார்வை. நூலகத்தில் என்னிடம் புத்தகம் கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் நான் வேறு பதில் சொல்கிறேன். எழுதியவர் தன்னை மறுத்துப் பேச ஒரு ஆளையாவது புத்தகத்துக்குள்ளே விட்டிருக்கிறாரா என்று பார், விட்டிருந்தால் அதைப் படி என்பேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் எனக்குத் தோன்றியது அது. ஒருத்தி வாயைத் திறந்து சொன்ன பிறகும், அவளைப் பற்றி எழுதியதைத்தான் எல்லாரும் நம்பினார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. பெரியப்பா. சாமியாரிடம் பொய் சொன்னேன் என்று, கோவில் வளாகத்தில் நின்று, அக்கா விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். கையைத் தொடைமேல் வைத்தபடி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பெரியப்பா வீட்டில் பிரியாணி. வெளியாட்கள் சாப்பிட்டுப் போன பிறகு குடும்பத்தார் மட்டும் உட்கார்ந்தோம். பெரியப்பா இலையைத் தொடவில்லை. "சாமியார்கிட்டப் பொய்யாக்கா சொன்ன?" என்றார்.

"ஆமா."

"எனக்காக இல்ல."

"இல்லலே. எத்தன தடவ சொல்றது?"

பெரியப்பா குரலை உயர்த்தினார். "மெட்ராஸ்ல கவர்மென்ட் வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்துச்சு, தெரியுமா? கிழிச்சுப் போட்டேன். நமக்காக வாழ்க்கையத் தொலைச்சவளத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னு கிழிச்சுப் போட்டேன்."

பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். இந்த மெட்ராஸ் விஷயம் அவளுக்கே தெரியாது. புத்தகத்தின் எந்த அத்தியாயத்திலும் அது இல்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அதைச் சந்தேகப்படவே இல்லை. அந்த மனிதர்தான் உண்மையில் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார், அதை யாரிடமும் சொல்லாமல்.

அத்தையும் ஆடிப்போய்த்தான் இருந்தார். ஆனால் விடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாலே? அந்த ஆயக்குடிக்காரரும் என்னையக் கேக்கல, நீயும் கேக்கல. நீ மெட்ராஸ் போயிருந்தா லீவுக்கு லீவு வந்து கடல் பாத்திருப்பேன்."

"நாப்பது வருசமாக்கா" என்று பெரியப்பா கத்தினார். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். "நாப்பது வருசமா உங்கிட்ட ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்ல. நீ சொன்ன அம்புட்டுக்கும் தலையாட்டுனேன். ஏமாத்திப்புட்டியே. நீ ஏமாத்துக்காரி. உன்னையப் போயி புஸ்தகம் எழுதுனேன் பாரு, என்னையச் சொல்லணும்."

அத்தையின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் நின்றது, உதடு சிரித்தது. தன் இலையில் இருந்து ஒரு கறித்துண்டை எடுத்துத் தம்பியின் இலையில் வைத்தார்.

"ஆமா, ஏமாத்துக்காரிதான். சோறு ஆறுது பாரு. சாப்பிட்டுட்டுத் திட்டு."

பெரியப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய் உள்ளே இருக்கும்போதே மறுபடி ஆரம்பித்துவிட்டார்.